மேசையின் இரண்டு முனைகள்

கிட்ட வாங்க கண்ணுகளா, சீமையில் ஒரு சம்பந்தம் பேசின கதை சொல்றேன். நெசவாலை முதலாளி எட்வினுக்கு ராஜாங்கம் பிரபுப் பட்டம் கொடுத்திருந்த வருஷம் அது. அவர் மகள் மேபலும் ஒரு பழைய ஜமீன் வீட்டுப் பையனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். பையனின் தாயார், பெரிய சீமாட்டி, பெண் பார்க்க விருந்துக்கு வந்தாள். அவள் வேண்டாமென்று சொல்லிவிட்டால் மேபல் நொறுங்கிப்போவாள்.

அந்த ஊர் வழக்கப்படி நீள மேசையின் ஒரு முனையில் எட்வின், மறுமுனையில் மனைவி ஹன்னா. இருவரும் இளவயதில் தறி ஓட்டியவர்கள். ஆலை இரைச்சலில் குரல் எடுபடாது என்பதால் தறிக்காரர்கள் உதட்டை மட்டும் அசைத்தே ஊர்க்கதை பேசுவார்கள். பட்டம் வந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை.

“அந்தம்மா சூப்பைத் தொடவே இல்லையே. நம்ம மேல பஞ்சு வாடை அடிக்குதோ?” என்று ஹன்னா சத்தமில்லாமல் கேட்டாள்.

“அத்தாம் பெரிய மூக்கு, அடிக்காம என்ன செய்யும்?” என்று எட்வினும் உதட்டாலேயே சொன்னார்.

பக்கத்திலிருந்த பையன் அவரிடம் பெருமையாகச் சொன்னான்: “அம்மாவுக்குக் காது கேட்காதுங்க. எத்தனை தூரமானாலும் உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்குவாங்க.”

எட்வின் கரண்டியைக் கீழே வைத்தார். மெல்ல நிமிர்ந்தார். மேசையின் நடுவிலிருந்து சீமாட்டி அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். சூப்பை ஒரு வாய் குடித்தாள். பிறகு சத்தமில்லாமல் உதட்டை அசைத்தாள்:

“இந்த மூக்கு எங்க பரம்பரைச் சொத்து. உங்க பேரப்பிள்ளைகளுக்கும் வரும். சம்மதந்தானா?”

உங்க வீட்டுப் பந்தியிலும் இப்படி மனசறிஞ்ச சம்பந்தி வந்து உட்காரட்டும், கண்ணுகளா.