ஒத்த ஸ்டார்

“தினமும் எனக்கு ஒத்த ஸ்டார் போடறது யாரு? தைரியம் இருந்தா கேமராவைப் போடு.”

பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு அவள் கேட்டாள். மடிக்கணினித் திரையில் இருந்த முப்பது கறுப்புக் கட்டங்களும் அப்படியே கிடந்தன.

யாரும் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் மைக்கை அணைத்துவிட்டு விட்டிருப்பார்கள்.

கல்லூரி வகுப்பு ஆன்லைனுக்கு வந்ததிலிருந்து இதுதான் கூத்து. வகுப்பு முடிந்ததும், பாடம் நடத்தியவளுக்கு மார்க் போடச் சொல்லிப் பிள்ளைகளின் போனில் ஐந்து ஸ்டார் வந்து நிற்கும். செருப்பு வாங்கினாலும் சாப்பாடு வாங்கினாலும் போடுகிற அதே ஸ்டார். அவளும் போடுகிறவள்தான், இந்தக் காலத்தில் யார்தான் போடவில்லை?

போன வாரம் ஒருவன், ‘பொருள் தரம். டெலிவரி ஸ்லோ’ என்று எழுதியிருந்தான். அன்று அவள் நடத்தியது கான்கிரீட் தூண்.

அதற்குச் சிரித்துவிட்டாள். அவன் நாலு போட்டிருந்தான்.

இந்த ஒத்த ஸ்டாருக்குத்தான் சிரிக்க முடியவில்லை. ஸ்டார் போடுகிறவர்களே நாலைந்து பேர். அதில் ஒருவன் தவறாமல் ஒன்று போட்டால் சராசரி எங்கே நிமிரும்?

துறைத் தலைவர் காலையில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இந்த வாரமும் மூன்றைத் தாண்டாவிட்டால் அடுத்த பருவத்துக்கு வேறு ஆள். அவள் நிரந்தர ஆசிரியை இல்லை; போ என்றால் போக வேண்டியதுதான். வேலை போனால் இந்த இரண்டு அறை வீடும் போகும். பக்கத்து அறையில் இடுப்பு விட்டுப்போய் உட்கார்ந்திருக்கும் அப்பாவை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“பிடிக்கலையா, எது புரியலைன்னு எழுது. எதுவும் எழுதாம ஒண்ணைக் குத்திட்டு ஓடறியே, நீயெல்லாம் எதுக்குடா காலேஜுக்கு வந்த? கைநாட்டுப் பய!”

சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே உறைத்தது. சின்ன வயதில் பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில், அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒருவர் மெல்லச் சொன்ன வார்த்தை. மை ஒட்டிய கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே அப்பா அன்று சிரித்தார். மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது.

இரண்டு மூச்சு விட்டிருப்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கத்தியது. “கைநாட்டுப் பய!”

அவளுடைய குரல்.

மைக்கை அணைத்தாள். வகுப்பை முடித்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்ததைக்கூடத் தூக்கி வைக்காமல் போய்ப் பக்கத்து அறைக் கதவைத் தள்ளினாள்.

அப்பா கட்டிலில் சுவரோடு சாய்ந்திருந்தார். கையில் அவளுடைய பழைய போன். வகுப்பு ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்க்க எப்போதோ அதில் திறந்தது. மூட மறந்தது. அப்பா அதைச் சன்னமாக வைத்துக் கேட்டிருக்கிறார்; அவள் கத்தியது மட்டும் சுவரைத் தாண்டியிருக்கிறது.

“எவன் பாப்பா அவன்? ஆளைக் காட்டு, நான் பேசிக்கறேன். இடுப்புதான் போச்சு, வாய் போகல.” அப்பாவுக்குக் கோபத்தில் மூச்சு வாங்கியது. “நல்லாத் திட்டின. நான் கைநாட்டுதான், நானே இப்படிச் செய்ய மாட்டேன்.”

அவர் கையில் இருந்த திரையில் ஐந்து ஸ்டார் வந்து நின்றது.

“இரு, மறக்கறதுக்குள்ள போட்டுடறேன்.”

கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டார். வயசெல்லாம் சிமெண்டு தின்ற விரல். ஈரம் படாவிட்டால் போன் அதை விரலாகவே மதிக்காது. முதல் ஸ்டாரில் வைத்து, முத்திரை குத்துவது போல அழுத்தினார்.

அவள் நிலைப்படியைத் தாண்டவில்லை.

“இதை யாருப்பா உனக்குச் சொல்லிக் குடுத்தது?”

“யாரு சொல்லிக் குடுக்கணும்? உன்னைப் பாத்துதான். சாப்பாடு கொண்டாந்தவன், கார் ஓட்டிட்டு வந்தவன், குழாய் சரி பண்ணவன், எல்லாருக்கும் இந்த மொதல் ஸ்டாரைத்தானே அமுக்குவ? என்னன்னு கேட்டதுக்கு, மார்க் போடறேன்னு சொன்ன. நாம பட்ட பாடு பிள்ளைக்கு மறக்கல, பாடுபடறவனுக்கெல்லாம் மொத எடம் குடுக்குதுன்னு எனக்கு மனசு நெறஞ்சு போச்சு.”

வாசல் மணி அடித்துவிட்டுச் சாப்பாட்டுப் பையை நீட்டிய முகங்களில் ஒன்றையாவது நினைத்துப் பார்க்க முயன்றாள். ஒன்றுகூட வரவில்லை.

கையை நீட்டினால் போனைப் பிடுங்கிவிடலாம். ஐந்தாவது ஸ்டார் எது என்று காட்டிவிடலாம். காட்டினால், அவள் மற்றவர்களுக்குப் போட்டதையும் சேர்த்துக் காட்ட வேண்டும்.

போன் லேசாக அதிர்ந்தது. ஸ்டார்களுக்குக் கீழே ஒரு வரி முளைத்தது. ஒன்று போடுகிறவர்களை மட்டும் கேட்கும் வரி. அவள் எப்போதும் படிக்காமலே தள்ளிவிடுகிற வரி.

அப்பா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவளிடம் நீட்டினார்.

“நான் போட்டா தெனமும் இது வருது பாப்பா. என்னமோ கேக்கறாங்க. படிச்சுச் சொல்லு, பதில் சொல்லிடுவோம்.”

‘எங்கே தவறு நடந்தது?’ என்று இருந்தது.