சுவிட்ச் அந்தப் பக்கம்

"பல்ப் நல்லம், ஹோல்டரும் நல்லம். வயர்லதான் கரண்ட் வருதில்ல" என்றபடி ஏணியை விட்டு இறங்கினான் மஸாஹிர். புத்தளத்தில் பழைய வீட்டு வயரிங் என்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள்.

"வருதில்லையெண்டு எனக்கும் தெரியும். ஏனெண்டு பாரு, மகன்" என்றார் ஹவ்வா உம்மா.

அதே அறையில் ஒரு டியூப் லைட் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. அது போதாதா இந்த மனுஷிக்கு என்று அவனுக்குத் தோன்றியது. என்றாலும் வயரின் பின்னாலேயே போனான். அந்தக் காலத்து மரச்சட்டத்துக்குள் ஓடிய வயர், நடுச்சுவருக்குள் நுழைந்து காணாமல் போனது.

"மாமி, இது அங்கால போகுது. றுமைஸா மாமிட வீட்டுக்கு."

ஊரே அறிந்த கதைதான். ஹவ்வா உம்மாவின் வாப்பா தான் கட்டிய பெரிய வீட்டை நடுவில் சுவர் வைத்து இரண்டு பெண்மக்களுக்கும் சீதனமாகக் கொடுத்தார். பிறகு பிள்ளைகளின் கல்யாணப் பேச்சில் வாய் தடித்து, "வல்லாஹி, இனி உன்ட வாசலை மிதிக்க மாட்டன்" என்று தங்கை றுமைஸாவிடம் சத்தியம் பண்ணிவிட்டு வந்தவர் ஹவ்வா உம்மா. அதற்குப் பிறகு யார் றுமைஸாவின் பேரை எடுத்தாலும் பேச்சை வெட்டிவிடுவார். அதனால் யாரும் எடுப்பதுமில்லை.

மஸாஹிருக்கு விஷயம் விளங்கியது. சுவர் வைத்தபோது யாரோ ஒரு அரைகுறை வயரிங் பாஸ் இந்த லைனை மட்டும் பிரிக்காமல் விட்டிருக்கிறான். லைட் இந்தப் பக்கம், சுவிட்ச் அந்தப் பக்கம்.

"அப்ப இவ்வளவு காலமும் இது அவங்கட கரண்ட்டுலயா எரிஞ்ச?"

"ஓம். பொழுதுபட்டு மஃரிபுக்கு எரியும். படுக்கிற நேரம் அணையும். முந்தநாள்ல இருந்து எரியுதில்ல."

"அப்ப இதுல வெட்டிப் போட்டு, உங்கட பக்கமே ஒரு சுவிட்ச் வச்சுத் தாறன். சின்ன வேல."

வயர் வெட்டும் பிளேயரை எடுத்தவனை ஹவ்வா உம்மா கையைப் பிடித்துத் தடுத்தார்.

"வெட்டாத. அங்கால போய் என்னண்டு பாத்துட்டு வா."

ஓசிக் கரண்ட்டின் ருசி என்று நினைத்துக்கொண்டான். வாய் சொல்லாததை முகம் சொல்லியிருக்கும். வெளியே வரும்போது வாசலோரத்தில் வரிசையாகக் கட்டி வைத்திருந்த சின்னச் சின்ன அரிசிப் பைகள் காலில் தட்டின.

"என்ன மாமி, கடை போடப் போறீங்களா?"

"நீ லைட்டப் பாரு."

வீட்டில் அரிசி குவிந்து கிடக்கிறது, தங்கச்சியின் கரண்ட்டை விட மனமில்லை. மஸாஹிர் எரிச்சலோடு தெருவைச் சுற்றிக்கொண்டு, கடற்களப்புப் பக்கம் வாசல் வைத்த அடுத்த வீட்டுக்குப் போனான்.

றுமைஸா காலில் கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

"கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டன், மகன். பிள்ளைகள் கத்தார்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் சாப்பாடு கொண்டு வாற."

அலுமாரிக்குப் பக்கத்தில் கறுப்பு வட்டச் சுவிட்ச் ஒன்று இருந்தது. டெஸ்டரை வைத்துப் பார்த்தான்.

"சுவிட்ச்சுல ஒரு பிழையும் இல்ல, மாமி. யாரும் போடல்ல, அவ்வளவுதான்."

றுமைஸாவின் கண் கலங்கியது.

"ராத்தா இருட்டுக்குப் பயம். சின்ன வயசுல நான் முன்னால போய் லைட்டப் போட்டாத்தான் அந்த அறைக்குள்ள வருவா. சண்டை பிடிச்ச அண்டைக்கும் நான் போட்டன். இப்ப எழும்ப ஏலாம இருக்கு. அந்தப் பிள்ளையிட்டச் சொல்லவும் வெக்கம்."

பிறகு மெல்லக் கேட்டார். "ராத்தாவா உங்கள அனுப்பின?"

"ஓம்."

"என்னைய ஏசினாவா?"

மஸாஹிர் சுவிட்ச்சில் கை வைத்தான்.

"இப்ப வேணாம், மகன். வெளிச்சம் இருக்கே. மஃரிபுக்கு ஒருக்கா வந்து போட்டுட்டுப் போவீங்களா?"

திரும்பி வந்த மஸாஹிருக்குக் கோபம் அடங்கவில்லை.

"லைட்டுல பிழை இல்ல, மாமி. அதப் போடுற மனுஷிதான் கால் உடைஞ்சு தனியப் படுத்திருக்கா. நீங்க என்னண்டா ஓசிக் கரண்ட்டுக்கு ஆளனுப்புறீங்க."

ஹவ்வா உம்மா கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"கால் மட்டும்தானே? அல்ஹம்துலில்லாஹ்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"லைட் எரிஞ்சா அவ எழும்பி நடமாடுறாண்டு எனக்கு விளங்கும், மகன். எனக்கு வேற எதுக்கு அது? முந்தநாள் எரியாமப் போனதும் ஈரக்குலையே நடுங்கிப் போச்சு. யாரிட்டக் கேக்குற? எல்லார்ட வாயையும் நான்தானே அடைச்சு வச்சன்."

மஸாஹிரின் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அப்ப வாங்க மாமி, நான் கூட்டிட்டுப் போறன்" என்றவன், ஞாபகம் வந்து நிறுத்தினான். "ஆனா நீங்க சத்தியம் பண்ணினீங்களே?"

ஹவ்வா உம்மா அபாயாவைப் போட்டுக்கொண்டு வீட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"சத்தியத்த முறிச்சா பத்து மிஸ்கீனுக்கு அரிசி குடுக்கணும். நேத்தே அளந்து கட்டிட்டன். நான் தனியப் போறன். நீ அந்தப் பைகள பள்ளிவாசலுக்குப் பின்னால இருக்கிற ஏழைகளுக்குச் சேத்துடு."

கடைசிப் பையை மோட்டார் சைக்கிளில் கட்டும்போது மஃரிப் பாங்கு கேட்டது. றுமைஸா கேட்டுக்கொண்டது ஞாபகம் வந்து மஸாஹிர் திரும்பிப் பார்த்தான்.

பூட்டிக் கிடந்த ஹவ்வா உம்மாவின் வீட்டுக்குள் அந்த லைட் எரிந்தது.