யார் கால்?

முழங்கால் பயிற்சி என்றாலே நாச்சிமுத்துவுக்கு வேப்பங்காய். அன்று மேட்ச் பார்க்கும் அவசரத்தில், தொலைவிலிருந்தே சிகிச்சை தரும் முழங்கால் உறையை மனைவி துளசிமணியின் காலில் மாட்டிவிட்டார்.

"நீ பேசாம உக்காரு. அங்கிருந்து அமுக்கற பிள்ளைக்கு என்ன தெரியப்போகுது?"

நாகர்கோவிலில் பிசியோதெரபிஸ்ட் பியூலா தன் விரல்களை அழுத்த, பொள்ளாச்சியில் துளசிமணியின் முழங்காலில் அவை பதமாக இறங்கின. சட்டென்று நின்றன.

"இது சாருக்க காலு இல்லல்லா," என்றது உறையிலிருந்து பியூலாவின் குரல்.

துளசிமணி திருதிருவென விழித்தாள். "அவர இப்பவே கூப்பிடறனுங்க."

"வேண்டாம். அவர விட உங்க மூட்டுதான் மோசமா இருக்கு. எவ்வளவு நாளா வலிக்குது?"

அவளிடம் அதை யாரும் கேட்டதே இல்லை. காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.

மேட்ச் முடிந்து வந்த நாச்சிமுத்து உறைக்குக் கை நீட்டினார்.

"நீங்க வேற வாங்கிக்கோங்க," என்றாள் துளசிமணி. "இது என்ற காலுக்குப் பழகிருச்சு."