கயாவில் விட்ட பழம்

"ஏன்னா! கயாவில விட்ட பழத்தையா கடிக்கறேள்?"

சாவித்ரி போட்ட சத்தத்தில் அனந்தநாராயணன் கையிலிருந்த பீச் பழம் நழுவி மடியில் விழுந்தது. சிம்மக்கல் வட்டாரத்தில் தாலுகா கச்சேரி ஹெட் குமாஸ்தா என்றால் தனி மரியாதை. அப்பேர்ப்பட்ட மனுஷர் திருட்டு முழி முழித்தார்.

பழத்தைக் கொண்டுவந்தது அவள் தம்பி பசுபதி. கொடைக்கானலில் ஒரு துரையின் தோட்டத்தில் அவனுக்குக் கணக்கு வேலை. துரை புதிதாகக் கன்று வைக்கப்போகிறார். கொடைக்கானல் ரகமா, குன்னூர் ரகமா என்று குழப்பம். அத்திம்பேர் நாக்கு தப்புச் சொல்லாது என்று இரண்டிலும் கொஞ்சம் எடுத்து வந்திருந்தான்.

அத்திம்பேரும் நாலு பழத்தை உள்ளே தள்ளிவிட்டுத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"குன்னூர்ப் பழம் பாக்க லட்சணம், உள்ள வெறும் பஞ்சு. கொடைக்கானல் பழம் கொட்டையை விடமாட்டேங்கறது. ஆனா என்ன மணம், என்ன ருசி!"

அதைக் கேட்டுக்கொண்டேதான் சமையலறையிலிருந்து வந்தாள் சாவித்ரி. பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

ஆறு வருஷம் முன்னால் மூன்று பேருமாகக் காசி, கயா போனார்கள். கயாவில் பித்ருக்களுக்குச் சிராத்தம் செய்து, தனக்குப் பிடித்த பழம் ஒன்றை ஆயுசுக்கும் விட வேண்டிய அன்று அவளுக்கு நல்ல காய்ச்சல், சத்திரத்திலேயே படுத்துவிட்டாள். பசுபதியோடு போய்வந்தவர், "பீச் பழத்தை விட்டுட்டேன்டி" என்றார். அதுவரை கண்ணால்கூடப் பார்க்காத பழம்! செத்துப்போன முன்னோர்களையே ஏமாற்றுகிற சாமர்த்தியமா என்று அன்றைக்கே மனசுக்குள் காறித் துப்பினாள்.

சரி, மற்ற பழத்தையாவது மரியாதையாகச் சாப்பிட்டாரா? மாம்பழக் காலம் வந்தால் அவள் கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கிக்கொண்டு வருவாள். நத்தம் பழமா, ஒரே நார். சேலமா, வெறும் சர்க்கரைத் தண்ணி. பெரியகுளமா, புளி. முகர்ந்துகூடப் பார்க்காமல், "நீயே சாப்பிடு" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

முன்பெல்லாம் கொட்டையைக்கூட விடாமல் சப்பினவர்தான். ஹெட் குமாஸ்தா ஆனதும் நாக்குக்கும் உத்தியோக உயர்வு வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். தனியாக உட்கார்ந்து தின்பாள். பழம் இனிக்கும், மனசு கசந்து கிடக்கும்.

"பீச் பழமா? கயாவிலயா?" என்று விழித்தான் பசுபதி.

"சும்மா இருடா," என்று அதட்டிய அனந்தநாராயணன், மனைவியைப் பார்த்து அசடு வழிந்தார். "மறந்துபோச்சுடி."

"மறக்கும், மறக்கும்! நான் வாங்கிண்டு வர பழத்தில குத்தம் சொல்ல மட்டும் ஒரு வருஷம்கூட மறக்கலையே! பித்ருக்களுக்குக் குடுத்த வாக்கையே காத்தில விட்டவர், பெண்டாட்டியையா மதிக்கப் போறேள்? இனிமே உங்களோட சேர்ந்து ஒரு கோயில் வாசப்படிகூட மிதிக்கமாட்டேன்!"

அனந்தநாராயணன் தலையைக் குனிந்துகொண்டார். பசுபதிக்குத்தான் பொறுக்கவில்லை.

"போதும்க்கா! அவர் அன்னிக்கு விட்டது மாம்பழத்தை. 'உங்கக்காவுக்கு மாம்பழம்னா உயிர். நான் விட்டேன்னு தெரிஞ்சா அவளும் தொடமாட்டா, சொல்லிடாதே'ன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிண்டார்."