இரங்கலுக்கு அடுத்து

"திங்கக்கிழமை தொண்டையில ஆபரேஷன், அம்மிணி. அடுத்த கூட்டத்தொடருக்கு நான் வருவேன், குரல் வராது," என்று சுகந்தியிடம் சொல்லிச் சிரித்தார் சட்டமன்ற உறுப்பினர் மாரப்பன்.

கடைசி நாள் நிகழ்ச்சி நிரலில் அவருடைய மலைச்சாலைக் கோரிக்கை பதினேழாவது. அந்த எண் வரை எந்தக் கடைசி நாளும் போனதில்லை. நிரல் தயாரிக்கும் சுகந்தி, சபாநாயகரிடம் மன்றாடி அதை இரண்டாவதாக ஏற்றினாள்.

"இரங்கல் தீர்மானத்துக்கு அடுத்தாப்ல என்னைப் போட்டுட்டியே!"

"அங்கதாங்கய்யா இடம் கெடச்சுது."

மறுநாள் மௌன அஞ்சலி முடிந்து எல்லோரும் அமர, அவர் மட்டும் நின்றார். சாலையில்லாத ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, நாவில் சற்று வைத்திருந்து விடுவதுபோல் சொன்னார். நேரம் கடந்தது. மணியை அழுத்தப் போன சபாநாயகரின் விரல் நின்றது. இன்னும் எத்தனை ஊர் என்று சுகந்திக்குத் தெரியாது. நிறைய இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.