தோற்றதற்கு மறுநாள்

போர்வைக்குள் படுத்தபடியே அவர் விசில் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எதிர் வீட்டில் ஒன்று. பக்கத்து வீட்டில் ஒன்று. தெருக்கோடியில் இன்னொன்று.

எல்லாம் புதுக் குக்கர்கள். வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் வீடு வீடாக வந்து இறங்கியவை.

அவர் எதையும் இறக்கவில்லை. ஐந்து வருடம் கவுன்சிலராக இருந்தவர், இந்த முறையும் கையைக் கூப்பிக்கொண்டு மட்டும் போனார். நேற்று முடிவு சொன்னார்கள். சின்னத் தோல்வி என்று யாரும் ஆறுதல் சொல்ல முடியாத தோல்வி.

வெளியே போய் யார் முகத்தையும் பார்க்கத் தோன்றவில்லை.

அவர் மனைவி செண்பகவல்லியும் அவரை எழுப்பவில்லை. ஜன்னலில் வெயில் வந்ததும், சத்தமில்லாமல் திரையை இழுத்துவிட்டுப் போனாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

"தம்பி இருக்காரா?"

சில வீடுகள் தள்ளி இருக்கும் சவரியம்மாள்.

"சாக்கடை ரொம்பி வீட்டுக்குள்ள வந்திருச்சும்மா. பச்சப் புள்ளைய வச்சிக்கிட்டு மக கட்டில விட்டு எறங்க முடியாமக் கெடக்கா."

பிரசவத்துக்கு வந்த மகள். குழந்தைக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை.

செண்பகவல்லி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஜெயிச்சவர்கிட்டப் போய்ச் சொல்லுங்கக்கா."

"அவரு வீடு எங்கன்னு தெரியாதேம்மா."

"குக்கரத் தூக்கிட்டு வந்தப்ப, அவருக்கு ஒங்க வீடு தெரிஞ்சுச்சுல்ல?"

சவரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் போகவில்லை.

உள்ளே அவர் சட்டையைத் தேடினார்.

சட்டை போட அவருக்குக் கொஞ்சம் நேரமாகும். இடது கை முழுதாக நீளாது. கவுன்சிலராக இருந்தபோது, பாதி ஜல்லிகூடக் கொட்டாமல் காண்ட்ராக்டர் போட்ட ரோட்டை நல்ல ரோடு என்று ஒப்புக்கொள்ள மறுத்தார். அந்த வாரமே, விளக்குப் போடாத பைக் ஒன்று பின்னால் வந்து அவரை இடித்தது. அவர் உள்ளே கிடந்த நாளெல்லாம், அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தாவில் செண்பகவல்லி வெறும் தரையில் கிடந்தாள். அதற்குப் பிறகு எந்த பைக் தெருவுக்குள் வந்தாலும், செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள்.

இப்போதும் கோபமாகத்தான் வந்தாள். ஆனாலும் அந்தக் கையைப் பிடித்துச் சட்டைக்குள் நுழைத்துவிட்டாள்.

அவர் துப்புரவு மேஸ்திரிக்குப் போன் செய்தார்.

"தப்பா நெனைக்காதீங்கண்ணே. இப்ப நீங்க சொல்லி ஆள் அனுப்புனேன்னு தெரிஞ்சா, புது ஆளு என்னைய உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு."

"சரிப்பா" என்று சொல்லி, மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டார்.

தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் இன்னும் குனிந்து போட்டார்கள். மாவு வாங்கி வந்த ஒருத்தி பாதியிலேயே வேறு சந்துக்குள் திரும்பினாள்.

சவரியம்மாள் வீட்டுக்கு முன்னால் கறுப்புத் தண்ணீர் படியேறியிருந்தது. உள்ளே குழந்தை அழுதது.

வேட்டியை மடித்துக் கட்டினார். சிமெண்டு மூடியின் இடுக்கில் கடப்பாரையைக் கொடுத்து, வலது தோளால் நெம்பினார்.

மூடி நகர்ந்தது.

கைவிட்டுத் துழாவினார். மெத்தென்று ஏதோ அகப்பட்டது. இழுத்தார்.

அட்டைப்பெட்டி.

ஊறிப் பிய்ந்திருந்தாலும், அதில் ஜெயித்தவர் கைகூப்பிச் சிரிப்பது தெரிந்தது.

அதற்குப் பின்னால் இன்னொன்று. பிறகு ஒரு கட்டு தெர்மாகோல். பிறகு மறுபடியும் அதே சிரிப்பு.

தேர்தல் பறக்கும் படை சோதனைக்கு வருகிறது என்று யாரோ கிளப்பிவிட்ட பயத்தில், தெரு முழுக்கக் குக்கரை வைத்துக்கொண்டு பெட்டிகளைச் சாக்கடைக்குள் திணித்திருந்தது.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கரையில் வைத்தார். பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள்.

கடைசிப் பெட்டி வந்ததும் சாக்கடை 'மடக்'கென்று ஒரு சத்தம் போட்டது. தண்ணீர் மளமளவென்று இறங்கியது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

முதலில் கொஞ்சமாக. பிறகு அடக்க முடியாமல். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் தெருவே சிரித்துக்கொண்டிருந்தது.

சவரியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"குக்கர வாங்குனேந்தான் தம்பி. ஆனா ஓட்டு ஒங்களுக்குத்தான் போட்டேன். மாதா சத்தியமா."

"நானும்ணே."

"எங்க வீட்ல எல்லா ஓட்டும் ஒங்களுக்குத்தான்."

அவர் ஒவ்வொருத்தருக்கும் தலையாட்டினார். அவர்கள் சொல்லும்போது எல்லாமே நிஜமாகத்தான் இருந்தது. அதற்கு மேல் கணக்குப் பார்க்க அவருக்கு மனம் வரவில்லை.

வீட்டுக் கொல்லையில் செண்பகவல்லி வாளியும் சோப்புமாகக் காத்திருந்தாள். துணிதுவைக்கிற கல்லில் அவரை உட்கார வைத்து, காலில் தண்ணீர் ஊற்றினாள்.

"எல்லாரும் எனக்குத்தான் போட்டாங்களாம்" என்றார். இன்னும் சிரிப்பு மிச்சமிருந்தது.

அவள் சோப்பைத் தேய்த்தாள். விரலிடுக்குகளில் அழுக்கு போகத் தேய்த்தாள்.

பிறகு நிமிராமலே சொன்னாள்.

"நான் போடலங்க."

அவர் அவளுடைய உச்சி வகிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே நரை இவ்வளவு கூடியிருப்பதை எப்படிக் கவனிக்காமல் இருந்தோம் என்று நினைத்தார்.

தெருவில் ஒரு பைக் போயிற்று. அவள் தலை திரும்பவில்லை.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்லதான இருப்பீங்க?"

"வீட்லதான்."

அவள் குவளையை மறுபடி வாளியில் முக்கினாள்.

கழுவுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஊற்றிக்கொண்டே இருந்தாள்.