லீவனுக்காகக் காத்திருந்தவர்கள்

ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவில் லீவன்தான் எப்போதும் கடைசி. வேகம் கூடுமென்று பந்தய வீரர்களைப் போலக் கால் ரோமத்தைச் சிரைத்துப் பார்த்தார். விலை உயர்ந்த கார்பன் சைக்கிளும் வாங்கிப் பார்த்தார். கெண்ட் நகருக்கு வெளியே இருந்த கருங்கல் பாவிய அந்த மேட்டுச் சாலை மட்டும் மசியவில்லை.

அன்றும் அவர் மூச்சிரைக்க உச்சிக்கு வந்தபோது, நண்பர்கள் ஆறு பேரும் குளிர்காற்றில் நடுங்கியபடி காத்திருந்தார்கள்.

"எனக்காக ஏம்பா நிக்கிறீங்க? காலைச் சிரைச்சதுல ரோமம்தான் போச்சு, வேகம் வரல. அடுத்த வாரத்துலேர்ந்து என்னை விட்டுட்டுப் போயிடுங்க," என்றார் லீவன்.

"உங்களை விட்டுட்டு எப்படிண்ணே போறது?" என்று பதறினான் அவர்களில் இளையவனான ட்ரீஸ்.

லீவனின் கண்கள் கலங்கின. "வேற குழுன்னா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க. என் மேல அவ்வளவு பாசமாடா?"

ட்ரீஸ் தலையைச் சொறிந்தான். "பாசமும்தாண்ணே. ஆனா முன்னாடியே போய் என்ன பண்றது? கீழ ஊர்ல இருக்கறது ஒரே பீர்க் கடை. அது உங்களோடது. சாவி உங்க பாக்கெட்ல!"

லீவனின் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சைக்கிளைச் சரிவில் திருப்பினார்.

"ஏத்தத்துலதாண்டா இந்த நூறு கிலோ உடம்பு எனக்குப் பாரம். இறக்கத்துல இதுதான் எஞ்சின். முடிஞ்சா பிடிங்க!"

கடை வாசல் வரை ஒருவராலும் அவரைப் பிடிக்க முடியவில்லை.